நோட்டில் இல்லாத மீன்

பொன்னேரி ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் என் மகள் யாழினியை ஒரே இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினேன். மூச்சு வாங்கவில்லை. ஆறு மாதமாக அவளைத் தூக்கித் தூக்கி எனக்கு வலு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து, சென்னையில் குழந்தைகள் மருத்துவமனையின் எடை இயந்திரத்தில் அவளை நிறுத்தினார்கள். பதினொன்றே முக்கால் கிலோ. மூன்று மாதத்துக்கு முன்பு அதே இயந்திரத்தில் பன்னிரண்டரை இருந்தாள். நாலரை வயதுப் பெண்ணுக்கு அதுவே குறைவு. செவிலியர் அவளை இறக்கி மறுபடி ஏற்றினார். எண் மாறவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏனென்றால் அவளுக்குக் குணமாகிக்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. நிற்பதும் மறுபடி வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் சொல்லி ஆன்டிபயாட்டிக் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) வாங்கிக் கொடுத்தேன். நான் பி.எஸ்சி. படித்தவள். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் கொடுத்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு முதல் தடவை போனபோது, சென்னை மருத்துவர் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, பெரிய நோய் எதுவும் இல்லை என்றார். தொற்று வந்துபோன குடல் இன்னும் தேறவில்லை. அடிக்கடி கொடுத்த மருந்தில் நல்ல நுண்ணுயிர்களும் அழிந்திருக்கும். புரோபயாட்டிக் பொடி (குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) எழுதிக்கொடுத்தார். அது உயிருள்ளது, சூடான கஞ்சியில் கலக்காதீர்கள் என்றார். பிஸ்கட், பாக்கெட் ஜூஸ் வேண்டாம். தினமும் வீட்டில் உறையூற்றிய தயிர் கொடுங்கள். என்ன சாப்பிட்டாள், எத்தனை முறை போனாள் என்று எழுதி வாருங்கள்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு நாள்கூட விடவில்லை. முதல் மாதம் ஒரு நாளைக்கு ஆறு, ஐந்து என்று இருந்தது. மூன்றாம் மாதம் ஒன்று, இரண்டு. அந்த நோட்டைக் காட்டிப் பாராட்டு வாங்கலாம் என்றுகூட நினைத்துத்தான் அன்று போயிருந்தேன்.

மருத்துவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"ஏம்மா, ஊர் கோட்டைக்குப்பம்னு போட்டிருக்கு. வீட்டுக்காரர் மீன் பிடிக்கிறவர்தானே? நோட்டு முழுக்க ஒரு துண்டு மீன்கூட இல்லையே."

"நிறுத்திட்டேன் மேடம்."

"யாரு நிறுத்தச் சொன்னாங்க?"

"நீங்கதான் தயிர் குடுக்கச் சொன்னீங்க."

அவர் என்னையே பார்த்தார். பக்கத்தில் நின்ற செவிலியருக்குத்தான் புரிந்தது. "மீனும் தயிரும் சேந்தா ஒடம்புல வெள்ளை வெள்ளையாத் திட்டு விழும்னு சொல்வாங்க மேடம். எங்க வீட்லயும் அப்படித்தான்."

எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் அபூர்வம். அதனால் தயிர் வைக்கும் பழக்கமே இல்லை. தினமும் தயிர் என்று மருத்துவர் சொன்னதும், அப்படியானால் அவளுக்கு மீன் கிடையாது என்று எனக்குள் தானாக முடிவாகிவிட்டது. அதை ஒரு முடிவாகக்கூட நான் உணரவில்லை. முட்டையைக் கண்டும் பயந்தேன், பருப்பு வாயு என்று தள்ளினேன். கஞ்சியும் தயிர்சோறுமாக மூன்று மாதம் ஓட்டியிருந்தேன்.

"வயிறு தேறிடுச்சும்மா. உடம்பு வளர அதுல ஒண்ணும் போடலையே நீங்க" என்றார் மருத்துவர். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அடுத்த மாதமும் எடை இறங்கினால் மருத்துவமனையிலேயே சேர்க்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். "மீனும் தயிரும் சேந்தா வெள்ளை வராது. பயமா இருந்தா காலையில தயிர் குடுங்க, மதியம் மீன் குடுங்க. ரெண்டும் உள்ள போய்ப் பேசி முடிச்சுக்கட்டும்."

திரும்பும் ரயிலில் ஒன்று நினைவுக்கு வந்தது. ஏரியில் மீன் பிடித்துவிட்டு என் கணவர் வந்ததும் யாழினி ஓடிப்போய், "நைனா கை குடு" என்று வாங்கி முகர்ந்து பார்ப்பாள். சில நாள் விரலை வாயில் வைத்துக்கொள்வாள். கெட்ட பழக்கம் என்று அவளைப் பிடித்து இழுத்து, அவரைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். மூன்று மாதமாக.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அடுத்த வீட்டில் இருக்கும் அண்ணி, என் கணவரின் அக்கா, சிரித்தார். "படிச்சவ, நீ மொதல்ல துன்னு பாரு. பொண்ணுக்கு வெள்ளை விழுந்தா அந்த டாக்டரம்மாவா வந்து மாப்ள பாக்கும்?"

அவர் கிண்டலாகச் சொன்னதை நான் உண்மையாகவே செய்தேன். மறுநாள் மதியம் கிழங்கான் மீன் குழம்பும் தயிரும் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டேன். வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது. வெயிலில் நின்று முழங்கை, கழுத்து, கால் விரலிடுக்கு என்று பார்த்தேன். அடுத்த நாளும் சாப்பிட்டேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து, "இன்னாத்தத் தேடினு கீற?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீ பாத்துனு இரு. அதுவரைக்கும் கொழந்த பட்டினி கெடக்கட்டும்" என்றார்.

அதுவும் உண்மைதான். தவறு தெரிந்த பிறகும் மூன்று நாள் தள்ளியிருந்தேன்.

நான்காம் நாள் மதியம் கிழங்கானை அவித்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தேன். அவள் உடனே சாப்பிடவில்லை. "கை கழுவணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் பிடுங்கிவிடுவேன் என்பதுபோல் ஒரு கையால் அதைப் பிடித்தபடியே சாப்பிட்டு முடித்தாள்.

இதே நிலையில் இருக்கும் அம்மாக்களுக்காக எழுதுகிறேன். உங்கள் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. தயிரோ பொடியோ, மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். கொடுப்பதை எழுதும்போது, நிறுத்தியதையும் எழுதிக்கொண்டு போங்கள். நான் நிறுத்தியது என் நோட்டில் இல்லை. அவர் ஊர் பெயரைப் பார்த்துக் கண்டுபிடித்தார். பார்க்காமல் விட்டிருந்தால் அடுத்த மூன்று மாதமும் கஞ்சியும் தயிர்சோறுமாகவே ஓட்டியிருப்பேன்.

முன்பெல்லாம் மாதங்களைத் தேதியால் எண்ணுவேன். இப்போது அவள் எடையால்தான் எண்ணுகிறேன். குளிக்கும்போது இன்னும் முழங்கையைத் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

போன வாரம் மறுபடி பொன்னேரி மேம்பாலம். பாதிப் படியிலேயே அவள் கனத்தில் இடது கை கடுத்தது. இறங்கி நடக்கட்டுமா என்று அவளே கேட்டாள். வேண்டாம் என்றேன். வலது பக்கம் மாற்றிக்கொள்ளவும் இல்லை. மேலே போகும்வரை அந்த வலி அப்படியே இருக்கட்டும் என்று ஏறினேன்.