ரப்பர் காட்டு ரோட்டில் குப்புறப் படுத்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை என்னைச் சுட்டிருப்பார்கள்.

நான் செய்த குற்றம்? மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். அவ்வளவுதான்.

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் மச்சினிக்கு வளைகாப்பு. நானும் மனைவி சரோஜாவும் போய்விட்டு மலாக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊரடங்குக்கு முன்னால் வீடு சேர வேண்டும். மாமியார் ஒரு பிடி சோறுகூடக் கட்டித் தரவில்லை. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளோடு பட்டாளம் சண்டை போடும் இந்த அவசர காலத்தில் வழியில் சோதனை போட்டால், “காட்டுக்குள் யாருக்குக் கொண்டுபோகிறாய்?” என்றல்லவா கேட்பார்கள்!

ரப்பர் மரங்கள் நெருங்கி நிற்கும் ஒரு வளைவைத் தாண்டியதும் ‘டடக்’கென்று சத்தம். வண்டி இழுக்கவில்லை. செயின் கழன்று தொங்கியது.

வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். செயின் நாளடைவில் தளரும். பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் இறுகிவிடும். அதற்கு இரண்டு பக்கமும் திருகு உண்டு. ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறைந்தால் போச்சு... சக்கரம் கோணிக்கொள்ளும், செயின் மறுபடியும் கழலும்.

செயினை மாட்டினேன். திருகுகளை முறுக்கினேன். அதே ரோட்டில்தான் போன மாதம் காட்டுக்காரர்கள் பட்டாளத்து லாரியை மறைந்திருந்து சுட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“சீக்கிரம் லா! அதான் மாட்டியாச்சே, இன்னும் என்னத்தப் பாக்குறீங்க?”

“கோணலா இருந்தா பாதி வழியில மறுபடியும் கழண்டுக்கும், சரோ.”

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் பின்னால் ரோட்டில் குப்புறப் படுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின் டயரை ஒட்டி முன் டயரைப் பார்த்தேன். முன் டயர் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. கையில் ஸ்பானர்.

எதிரே லாரிச் சத்தம். ரப்பர் பால் லாரியாக இருக்கும் என்று தலையைக்கூடத் தூக்கவில்லை.

பிரேக் கிறீச்சிட்டது. பூட்ஸ் கால்கள் குதித்தன. மலாயில் ஓர் அதட்டல்.

யோசித்துப் பாருங்கள்... ரப்பர் காட்டு ரோட்டில், ஒரு வண்டிக்குப் பின்னால் ஒருவன் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணால் குறி பார்க்கிறான். நீங்கள் பட்டாளத்துக்காரராக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

எழுந்தால் சுடுவார்களா? எழாவிட்டால் சுடுவார்களா? ஸ்பானரைக் கீழே போட்டால் அந்தச் சத்தத்துக்கே சுடுவார்களா?

“ஜாங்ஙான் தெம்பாக்! சுடாதீங்க! மோட்டோ ரோசாக்! மோட்டோ கெட்டுப் போச்சு!”

இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, மலாயும் தமிழுமாக நடு ரோட்டில் நின்று கத்தினாள் சரோஜா.

கார்ப்பரல் ஒருவர் மெதுவாக வந்தார். ஸ்பானரைக் காலால் தள்ளினார். எழச் சொன்னார். எங்கள் அடையாளக் கார்டுகளை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஓர் இளம் சிப்பாய். அவன் துப்பாக்கி முனை ஆடிக்கொண்டிருந்தது — பாவம், அவனுக்கும் பயம்! கோபக்காரன் கையில் இருக்கும் துப்பாக்கியிடம்கூடப் பேசிப் பார்க்கலாம். பயந்தவன் கையில் இருக்கும் துப்பாக்கியிடம் என்ன பேசுவது?

“படுத்துக்கொண்டு என்ன செய்தாய்?” என்று மலாயில் கேட்டார் கார்ப்பரல்.

சக்கரத்தைக் காட்டினேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், சக்கரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு வண்டிக்குப் பின்னால் குனிந்து, தானும் ஒரு கண்ணை மூடினார்.

“செங்ஙெட் லாகி” என்றார். இன்னும் கோணல்தானாம்!

இடது திருகை இன்னும் கொஞ்சம் முறுக்கச் சொன்னார். முறுக்கினேன். மறுபடி குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார். நட்டை இறுக்கியதும், சீக்கிரம் வீட்டுக்குப் போ என்று கையைக் காட்டிவிட்டு லாரியில் ஏறினார்.

வண்டி நேராக ஓடியது. வழி நெடுக சரோஜா என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. துப்பாக்கிக்கும் எனக்கும் நடுவில் அல்லவா அவள் நின்றிருந்தாள்!

“ஏன் சரோ குறுக்க போய் நின்னே? அவன் சுட்டிருந்தா?”

அவள் கதவுப் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்: “நீங்க படுத்துக் கிடந்தீங்க. நிக்கிறதுக்கு அங்க வேற யாரு இருந்தா?”