ஜஸ்ட், ஒன்லி, மியர்லி

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆங்கிலம் எடுத்தவர், அட்வெர்ப் என்பது வினைச்சொல்லை ஒட்டிக்கொண்டு திரிவது என்று சொல்லிக்கொடுத்தார். ரன்ஸ் ஃபாஸ்ட், சிங்ஸ் ஸ்வீட்லி. அதற்குமேல் அதற்கு வேலை கிடையாது என்று நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி ஆபீஸில் கடிதம் எழுதுகிற வேலைக்கு வந்த பிறகுதான் அது அரைகுறைப் பாடம் என்று தெரிந்தது. வெளியூர் வியாபாரிகள் அனுப்பும் மெயில்களில் அட்வெர்ப்கள் வினையை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லின் வாசலில் வந்து நின்றன. ஆல்மோஸ்ட் எவ்ரி கப். ஒன்லி தி ஒயிட் ஜார்ஸ். ஈவன் தி லிட்ஸ். க்வைட் எ டிலே.

நாம் இதையே பெரும்பாலும் பின்னால் மாட்டுகிறோம். வெள்ளை ஜாடி மட்டும், மூடிகூட என்கிறோம். ‘வெறும்’, ‘கிட்டத்தட்ட’ மாதிரி சில சொற்கள்தான் நம்மிடமும் முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் அந்தச் சின்னச் சொல் முதலிலேயே வந்துவிடுவதால், பின்னால் வரப்போகும் பொருள் பெரிதா சிறிதா என்பது பொருள் வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எனக்கு இது பிடித்துப்போயிற்று. பழைய பேக்கிங் சீட்டுகளின் முதுகில் இப்படிப்பட்ட சொற்களைக் குறித்து வைத்தேன். வேலைக்கு நான் பெண்ணாடத்திலிருந்து வரும் பஸ் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தால், அந்தச் சீட்டுகளை எடுத்துப் படிப்பேன். உருப்படியாக வேறு வேலை இல்லையா என்று என் மனைவி கேட்டாள். இல்லை என்றுதான் சொன்னேன். அந்த வட்டாரத்தில் என்னைவிடச் சரியாக ஆங்கிலம் எழுதுகிறவன் இல்லை என்று எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. அதை இப்போது மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

எங்கள் கம்பெனியில் தரம் பிரிக்கிற இடத்தில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சூளையிலிருந்து இறக்கிய கப்பையும் ஜாடியையும் ஒரு சின்னக் கட்டையால் தட்டி, சத்தத்தைக் கேட்டே நல்லது எது, விரிசல் எது என்று பிரித்துவிடுவார். நல்ல பீங்கான் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மொத்தையாக ஒரு சத்தம் போடும். பதினெட்டு வருஷமாக இதைக் குந்தியே செய்து அவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. எழுந்திருக்க வேண்டுமானால் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில் வடக்கேயிருந்து ஒரு கம்பெனி இங்கே புதிதாகத் தொழிற்சாலை தொடங்கியது. தரம் பார்க்க ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்றார்கள். படிப்பு முக்கியமில்லை, அனுபவம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை செய்கிற வேலை. அக்காவுக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு வருஷம் இப்படியே குந்தினால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது. எங்கள் முதலாளியும் நல்ல மனிதர், போனால் போகட்டும், நன்றாக இருக்கட்டும் என்றுவிட்டார்.

நேர்காணல் வீடியோவில். அவர்களுக்குத் தமிழ் வராது, அக்காவுக்கு ஆங்கிலம் வராது. கூட வந்து உட்காரும்படி அக்கா என்னைக் கேட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆபீஸ் மேசையில் என் போனை ஒரு ஊறுகாய் ஜாடிமேல் சாய்த்து வைத்தோம். திரையில் ஓர் ஆணும் ஓர் இளம்பெண்ணும். அக்கா வேறு புடவை மாற்றிக்கொண்டு, தலையில் பூ வைத்து வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

“பெருசா ஒண்ணும் இல்லீங்க. சும்மா தட்டிப் பாத்து எடுத்து வெக்கிறதுதான்.”

‘ஜஸ்ட் எ லிட்டில் சார்ட்டிங்’ என்றேன். ‘சும்மா’வுக்கு ‘ஜஸ்ட்’ எவ்வளவு பொருத்தமாக வந்து உட்கார்ந்தது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்று அந்தப் பெண் கேட்டாள். கூட ஏதோ நாலு பொம்பளைங்க இருப்பாங்க, அவ்வளவுதான் என்றார் அக்கா. அவருக்குக் கீழே பதினாலு பேர். அத்தனை பேருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பது அவர்தான், சண்டை வந்தால் தீர்த்து வைப்பதும் அவர்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் மொழிபெயர்க்கிறவன் சொன்னதைத்தானே சொல்ல வேண்டும். ‘ஒன்லி எ ஃப்யூ விமென்’ என்றேன்.

கடைசியாக, சரக்கில் பெரிய குறையை எப்போதாவது கண்டுபிடித்தது உண்டா என்று அந்த ஆள் கேட்டார். உண்டு. ஒரு முறை சூளையிலிருந்து இறங்கிய சரக்கு முழுவதையும் அனுப்பக் கூடாது என்று லாரியை மறித்துக்கொண்டு நின்றார் அக்கா. பார்வைக்கு எல்லாம் பளபளவென்று இருந்தது. முதலாளி கத்தினார், லாரிக்காரர் கத்தினார். அக்கா நகரவில்லை. பிறகு நாலைந்தை வெந்நீரில் போட்டுப் பார்த்தார்கள். அத்தனையும் பிளந்தன. அந்தச் சரக்கு போயிருந்தால் எங்கள் கம்பெனியின் பேரே போயிருக்கும். இந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அது ஏதோ அன்னிக்குக் காதுல பட்டுதுங்க. மத்தபடி மொதலாளிதான் எல்லாம் பாத்துக்கிட்டாரு,” என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, அடுத்து நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்.

‘மியர்லி எ கெஸ்’ என்றேன், வெறும் ஊகம்தான் என்று. மற்றதெல்லாம் ஓனர் பார்த்துக்கொண்டார் என்பதையும் விடாமல் சொன்னேன். ‘மியர்லி’யை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் சந்தர்ப்பம். திரையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றி சொன்னார்கள். நானும் நன்றி சொன்னேன்.

நாலாம் நாள் மெயில் வந்தது. இதைவிடப் பொறுப்பான வேலை பார்த்து அனுபவம் உள்ள ஆளைத் தேடுகிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். தரம் பிரிக்கும் இடத்துக்குப் போய் அக்காவிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன். கையில் ஒரு கப்பை வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, தான் சொன்னதையெல்லாம் அவர்களிடம் நான் என்னவென்று சொன்னேன் என்று விசாரித்தார். ஒன்று விடாமல் ஒப்பித்தேன். நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அக்கா கப்பைக் கீழே வைத்தார்.

“பெரியவங்க முன்னாடி ஒக்காந்துகிட்டு என்னப் பத்தி நானே எப்பிடி சார் பெருசா சொல்லுவேன்? நாம கொறச்சுதான் சொல்லுவோம். பக்கத்துல இருக்கறவங்கதான் ‘அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க, ஆனா விஷயம் இது’ன்னு எடுத்துச் சொல்லணும். இங்கிலீஷுக்கு மட்டும்னா என் அக்கா பொண்ணு இருக்குது, காலேஜ் படிக்குது. ஒங்கள எதுக்குக் கூப்பிட்டேன்?”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த வழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை. என் கல்யாணப் பேச்சிலேயே என் அப்பா, பையன் ஏதோ படிச்சிருக்கான் என்று இழுக்க, என் மாமா குறுக்கிட்டு என்னை வானத்துக்கு உயர்த்தினார். அப்படித்தான் எனக்குப் பெண் கிடைத்தது. அன்று அக்கா என் பக்கம் திரும்பிக் காத்திருந்தது எதற்காக என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கே உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்கு நீளமாக எழுதினேன். பதினாலு பேர், மறித்த லாரி, வெந்நீரில் பிளந்த கப், எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு ஜஸ்ட் இல்லை, ஒரு ஒன்லி இல்லை. தப்பு என்னுடையது என்றும் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. ஆள் எடுத்தாயிற்று, திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் சேர்ந்துவிட்டார், வருந்துகிறோம்.

இதையும் போய்ச் சொன்னேன். மெயிலில் அப்படி என்னதான் எழுதினேன் என்று அக்கா கேட்டார். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கட்டையை மடியில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கேட்டார். முடித்ததும் கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

“இதெல்லாம் ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துதா சார்?” என்றார். “பதினெட்டு வருஷத்துல ஒருத்தர்கூட எங்கிட்ட சொன்னதில்ல.”