வெளிக்கிட்ட அக்காவும் காத்திருந்த பஸ்ஸும்

போன கிழமை ஒரு பஸ்ஸுக்குள் இருந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஓடவில்லை. பழுதும் இல்லை. சாரதி என்ஜினை நிற்பாட்டிவிட்டு, காலை நீட்டிக்கொண்டு இருந்தார். ஏன்? ஓர் அக்கா வரவேண்டுமாம்.

இடம், தென்மராட்சியில் கடல்நீரேரிக் கரைக்குத் திரும்புகிற ஒரு சந்தி. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நடத்துநர் தம்பியின் வேலைக்கு நானே உலை வைத்தவனாவேன். சாவகச்சேரிக்குப் போகிற காலைப் பஸ் அது. தங்கை வீட்டில் நின்றுவிட்டு, சாவகச்சேரி வழியாக யாழ்ப்பாணம் திரும்ப ஏறியிருந்தேன்.

நடத்துநர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் பஸ் முழுக்கக் கேட்டது.

“அக்கா, வெளிக்கிட்டிட்டியளோ?”

“ஓம் தம்பி, வெளிக்கிட்டிட்டன்.”

“வெளிக்கிட்டிட்டாவாம்,” என்று அவர் சாரதிக்கு அறிவித்தார். சாரதி தலையாட்டினார். நாங்கள் காத்திருந்தோம். கரைக்குப் போகிற ஒழுங்கையால் ஒரு நாய் வந்தது. ஒரு சைக்கிள் வந்தது. அக்கா வரவில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கொழும்பில் பிறந்து வளர்ந்த வங்கி உத்தியோகத்தர். இங்கே மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். “கிளம்பிட்டாங்கன்னா இந்நேரம் வந்திருக்கணுமே சார்?” என்று என்னைக் கேட்டார்.

அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எங்கள் ஊரில் வெளிக்கிடுவது என்றால் வாசல் படலை தாண்டிப் புறப்படுவது. வெளிக்கிடுவது என்றால் உடுப்பு மாற்றுவதும்தான். குளித்து, சீலை உடுத்து, பவுடர் பூசிவிட்டுக் கதிரையில் ஆறுதலாக இருப்பவரும் ‘வெளிக்கிட்டிட்டன்’ என்றுதான் சொல்வார். அதில் பொய்யும் இல்லை. என் மனைவியின் வாயிலிருந்து வந்த இந்த ஒரு சொல்லை நம்பி, வாசலில் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு நான் எரித்த பெற்றோல்... சரி, அது குடும்ப விஷயம்.

அக்கா யார் என்று நடத்துநரிடம் விசாரித்தேன். திரேசாக்கா. கரையில் உள்ள சில குடும்பங்கள் பிடிக்கிற இறாலையும் நண்டையும் வாங்கி, ஐஸ் போட்டுப் பெட்டிகளில் அடுக்கிக் கொண்டுபோகிறவர். சாவகச்சேரியில் கொழும்பு லொறி நிற்கும். அதற்கு முதல் இரண்டு நாளும் அவர் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார். அவ்வளவும் பழுதாகிப்போனது.

“இண்டைக்கும் விட்டால் இனி உங்களிட்டை எடுக்கமாட்டன் எண்டு லொறிக்காரன் சொல்லிப்போட்டான் ஐயா. அக்கான்ரை பெட்டி போகாட்டி அந்தக் கரையிலை ஆரும் வலை போட்டுப் பிரயோசனமில்லை,” என்றார் நடத்துநர். சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். “முந்தியெண்டால் நிண்டு ஏத்தலாம். றோட்டுக் கார்ப்பட் போட்டாப் பிறகு எங்கடை ஓட்ட நேரத்தைக் குறைச்சுப்போட்டினம். பிந்திப் போனால் பஸ் ஸ்ராண்டிலை நேரம் பாக்கிற ரைம்கீப்பர் ஏசுவார்.”

இது எப்படி இருக்கிறது? றோட்டுக் குன்றும் குழியுமாக இருந்த காலத்தில் பஸ்ஸுக்கு நிற்க நேரம் இருந்தது. பிந்தினால் பழியைக் குழியில் போடலாம். இப்போது றோட்டு வழுவழுவென்று கிடக்கிறது... நிற்கத்தான் நேரமில்லை.

நான் வளர்ந்ததும் இதே பாதையில்தான். அப்பா பலாப்பழ வியாபாரம் செய்தவர். போன் இல்லாத காலம். பஸ்ஸை மறித்து வைக்க எங்களிடம் ஒரு சாக்கு இருந்தது. பழம் ஏற்றுகிற நாளில் அப்பா விடியப்புறமே போய், சந்தியில் நின்ற பூவரசில் வெறும் உரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டு வருவார். சாக்குத் தொங்கினால் ‘சாமான் வருகிறது, பொறு’ என்று அர்த்தம். யார் போட்ட சட்டமோ தெரியாது. எந்தச் சாரதி மாறி வந்தாலும் அதை மதித்தார்.

ஒருமுறை அப்பா சாக்கைக் கழற்ற மறந்துபோனார். மறுநாள் எங்களிடம் ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. பஸ் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் நடத்துநர் ஒழுங்கையால் நடந்து வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னால் பயணிகளிலும் கொஞ்சப் பேர்.

“சாக்குத் தொங்குது, உங்களைக் காணேல்லை. வீட்டிலை ஆருக்கும் சுகமில்லையோ எண்டு பயந்திட்டம் அண்ணை.”

அப்பா வெட்கத்தில் வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார். பஸ்ஸில் இருந்த சாரதிக்கும் செம்பில் போனது. நேரம் போகிறது என்று ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பலாப்பழம் ஏறுகிற நாட்களில் அந்த பஸ் மணக்கிற மணம்... தலையிடிக்குது என்று முகம் சுளித்தவர்களே கொஞ்சத் தூரம் போனதும் சுளை கேட்பார்கள். அந்த பஸ்ஸை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

பிறகு சண்டை. பஸ் நின்றது. ஊர் இடம்பெயர்ந்தது. பழத்தைச் சைக்கிளில் கட்டி மணலுக்குள் தள்ளிக்கொண்டுபோன காலமும் போனது. திரும்பி வந்தபோது பூவரசைக் காணவில்லை. இப்போது கார்ப்பட் றோட்டு. வேண்டாம் என்று யார் சொன்னது? என் முதுகெலும்பு தினமும் வாழ்த்துகிறது. ஆனால் அந்தக் கார்ப்பட் சந்தியோடு முடிந்துவிடுகிறதே... ஒழுங்கை அப்படியே கிடக்கிறதே.

நடத்துநர் மறுபடி போன் எடுத்தார்.

“அக்கா, எங்கை நிக்கிறியள்?”

“வீட்டு வாசல்லை, வெளிக்கிட்டு நிக்கிறன் தம்பி. ஓட்டோக்காரன் மாட்டானாம். மழைக்கு ஒழுங்கை சேறாக் கிடக்குதாம். மூண்டு நாளா உந்தக் கரைச்சல்தான்.” குரல் கொஞ்சம் உடைந்தது. “நீங்கள் போங்கோ. நான் என்ன செய்யிறது...”

சாரதி சாவியைத் திருப்பினார். போகப்போகிறோம் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

“அங்கை மாதா கோயிலடியிலை பஸ்ஸைத் திருப்பலாம். உள்ளுக்கை ஒருக்காப் போட்டு வருவமோ?”

முன் சீற்றில் இருந்த ரீச்சர், “எனக்குப் பள்ளிக்கூடத்திலை சைன் வைக்க நேரமாகுது,” என்றார். ரீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “போறதெண்டால் கெதியாப் போங்கோவன்.”

பஸ் ஒழுங்கைக்குள் இறங்கியது. கிடுகுவேலிகள் இரண்டு பக்கமும் உரசின. சேற்றில் பின்பக்கம் ஒருமுறை வழுக்கியது. வங்கி உத்தியோகத்தர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். படலைகளில் ஆட்கள் வந்து நின்று, யார் வீட்டில் என்ன நடந்ததோ என்று பார்த்தார்கள்.

திரேசாக்கா சொன்னது பொய்யில்லை. நன்றாகத்தான் வெளிக்கிட்டிருந்தார் — மடிப்புக் கலையாத சீலை, நெற்றியில் வியர்வை, காலடியில் வரிசையாகப் பெட்டிகள். பஸ்ஸைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் இறங்கி ஏற்றினோம். இடமில்லாமல் ஒரு பெட்டி வங்கிக்காரரின் மடிக்கே போனது. ஐஸ் தண்ணீர் ஒழுகி அவருடைய காற்சட்டை நனைந்தது. மனிதர் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

லொறியைப் பிடித்தோமா என்று கேட்பீர்கள். பிடித்தோம். கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். லொறிக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து கிளறிப் பார்த்துவிட்டு, “ஏத்துங்கோ,” என்றார். ரைம்கீப்பர் நடத்துநரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. நடத்துநரின் முகத்தைப் பார்க்கவே போதுமாக இருந்தது.

எல்லாம் ஏற்றி முடிந்ததும் திரேசாக்கா சாரதியின் ஜன்னலடிக்கு வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“அப்ப தம்பி, நாளைக்கும் உள்ளுக்கை வருவியளோ?”

சாரதி ஸ்டியரிங்கைத் தடவினார்.

“நாளைக்கு எனக்கு லீவு, அக்கா.”

நல்ல மனிதருக்கும் லீவு வேண்டும்தான்... இறாலுக்கு அதை யார் சொல்வது?