‘வித் எடிட்டர்’ எண்டால் என்ன?

வாவி இறாலைப் பற்றிய அந்தக் கட்டுரைக்காக இரண்டு வருடம் விடியற்காலைகளில் தோணி ஏறினேன். பல்கலைக்கழக வளாகத்தில் நான் தற்காலிக ஆய்வு உதவியாளர். நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடும் துறைத்தலைவர்தான் மேற்பார்வையாளர். சேர் ஒருநாளும் கால் நனைய இறங்கியதில்லை. இறாலை அளந்து குறிப்பேட்டில் எழுதியது நான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சாட்சிக்குத் தோணிக்கார அண்ணன் கையெழுத்து வைப்பார்.

வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரையை அனுப்பியதும் நான்தான், சேருடைய கணக்கிலிருந்து. எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் என்னுடையது, அடுத்தது சேருடையது. இதழின் இணையப் பக்கத்தில் நிலைமை மாறும்போதெல்லாம் சேர் கூப்பிடுவார்.

“என்ன பிள்ள, ‘வித் எடிட்டர்’ எண்டு கிடக்கு?”

“இதழாசிரியர்ட கையில இருக்கு சேர். இன்னும் வாசிக்கிற ஆக்களுக்கு அனுப்பல்ல.”

பிறகு ‘அண்டர் ரிவியூ’ வந்தது. துறை தெரிந்தவர்கள் வாசிக்கிறார்கள், மாதக்கணக்கில் ஆகும் என்றேன். அவர்கள் கேட்ட திருத்தங்களையும் நானே செய்து கொடுத்தேன். “இந்த முறை நானே அனுப்புறன்” என்றார்.

திருத்திய பிரதி கிடைத்ததாக எல்லா எழுத்தாளர்களுக்கும் வரவேண்டிய மின்னஞ்சல் எனக்கு மட்டும் வரவில்லை. அடுத்த வாரம் நிலைமை பார்க்க என்னை அறைக்குள் கூப்பிட்டபோது திரையில் கண்டேன். முதலில் அவர் பெயர். அடுத்தது வேறொரு வளாகத்தில் படிப்பிக்கும் அவருடைய மச்சானின் பெயர்.

“என்ர பேர் எங்க சேர்?”

“அடுத்த கட்டுரையில போடுவம். உனக்குக் காலம் கிடக்குத்தானே.”

தலையாட்டிவிட்டு வந்தேன். களுவாஞ்சிக்குடிக்குப் போகும் பஸ்ஸில் உடம்பு முழுக்கக் கொதித்தது. அழவில்லை. ஆசிரியருக்கு எழுதவேண்டிய கடிதத்தை வரிவரியாக யோசித்துக்கொண்டு போனேன். வீட்டில் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, என் பெயரோடு போன முதல் பிரதியையும் சேர்த்து அனுப்பினேன். விசாரிப்பதாகப் பதில் வந்தது.

மூன்றாம் நாள் சேர் மேசைக்கே வந்தார்.

“‘அண்டர் ரிவியூ’ திரும்ப ‘வித் எடிட்டர்’ ஆகியிருக்கு. நல்லதா, கெட்டதா?”

“ஆசிரியர் முடிவெடுக்கப் போறார் சேர்.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் பெட்டிஸ் வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு தின்றேன். அதன்பிறகு தினமும் கேட்டார். நானும் தினமும் பணிவாகச் சொன்னேன். அந்த நாட்களைப் போல் இனிமையான நாட்கள் எனக்கு அந்த வளாகத்தில் வாய்த்ததில்லை.

விளக்கம் கேட்டு இதழிலிருந்து சேருக்குக் கடிதம் வந்தது. அவரிடம் காட்ட ஒரு குறிப்பேடுகூட இல்லை. கட்டுரையை நிராகரித்து, வளாக நிர்வாகத்துக்கும் அறிவித்துவிட்டார்கள். நிராகரித்த கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

“நீயா எழுதின?”

“ஓம் சேர். நான்தான்.”

என் ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. அவரும் துறைத்தலைவர் பதவியிலிருந்து இறங்கினார். ஒரு வருடம் கழித்து வேறோர் இதழில் கட்டுரை என் பெயரில் வந்தது. தோணிக்கார அண்ணனுக்கு நன்றி போட்டிருந்தேன். ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் சேருடைய வீட்டுக்கும் அனுப்பினேன்.

“இன்னும் கோவம் போகல்லையா?” என்று அம்மா கேட்டா.

“போகல்ல” என்றேன்.