ஒரு ராத்திரிக் கொட்டகை

"பாத்திரம் கழுவிப் பழக்கம் இருக்கா?" என்று கேட்டார் மேடம்.

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? இருபது வருஷமா வேற என்னத்தக் கிழிச்சேன்?"

"இது மண் பாத்திரம். அதுவும் உடைஞ்சது."

"உடைஞ்சதையா கழுவணும்?"

"ஆமா. உடைஞ்சு இருநூறு வருஷம் ஆகுது."

"அன்னையிலேர்ந்து கழுவாமயா போட்டு வெச்சிருக்காங்க? நல்ல குடும்பம்தான்!"

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசையில் பைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வெளியே காட்டுகிற ரகம் இல்லை அவள்.

"சரி, நாளைக்கே வந்துடுங்க."

பளிச்சக்கா அகழாய்வு வேலைக்கு வந்து சேர்ந்த கதை இவ்வளவுதான். அதற்கு முன்பு ஆஸ்பத்திரி கேன்டீனில் இருந்தாள். அவள் கை பட்ட அண்டாவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். அந்தப் பெயர் அங்கே வைத்ததுதான். கேன்டீனை மூடியபோது அண்டாக்கள் அங்கேயே நின்றுவிட்டன, பெயர் மட்டும் கூட வந்தது.

தோண்டிய இடம் ஆற்றங்கரை. ஒரு காலத்தில் அந்த ஆறுதான் எல்லை. இந்தக் கரை ஒரு வியாபாரக் கம்பெனிக்கு, அந்தக் கரை இன்னொரு கம்பெனிக்கு. கடல் தாண்டித் தோட்ட வேலைக்குப் போன சனங்களை இங்கே ஒரு கொட்டகையில் நிறுத்தி, பெயர் எழுதி, அக்கரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். 'ஒவ்வொருவரும் ஒரு இரவு மட்டும் தங்குவர்' என்கிறது கம்பெனிக் காகிதம். அகழாய்வை நடத்துகிற மேடத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. இவ்வளவு அடுப்பு, இவ்வளவு பானை ஓடு, ஒரு ராத்திரிக்கா? மாதக்கணக்கில் அடைத்து வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆனால் காகிதத்துக்கு எதிராகப் பேச, கையில் ஆதாரம் வேண்டுமே.

பளிச்சக்காவுக்கு இரண்டு தொட்டி, ஒரு பிரஷ், காயவைக்கத் தட்டுகள். பையைப் பிரிப்பாள், கழுவுவாள், சீட்டு மாறாமல் தட்டில் அடுக்குவாள். இரண்டு நாளில் வேலை கைக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் தட்டுகளைப் பார்க்க வந்த மேடம் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுல உள்ள கருப்பா ஒட்டியிருக்குமே, அது எங்க?"

"அதுவா மேடம்? விடுவேனா! லேசுல வரல. ஊறவெச்சு, தம் கட்டித் தேய்ச்சு எடுத்தேன். நாப்பத்து மூணு துண்டு!"

மேடம் ஒரு துண்டை எடுத்துத் திருப்பினார். பளிச்சென்று இருந்தது.

"அது அடிப்பிடிச்ச சாப்பாடும்மா. ஒரு தடவை சமைச்சதா, அது மேல திரும்பத் திரும்பச் சமைச்சதான்னு அதுல தெரிஞ்சிருக்கும். அதுக்காகத்தான் இந்தக் குழியையே தோண்டினோம்."

தொட்டிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளே கருகியிருந்தால் தேய்க்காமல் தனியே வைக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டியவள், இரண்டு மொழியும் படித்த சீட்டுப் பெண். தானாகப் போய் ஒருவரிடம் பேசுவது அவளுக்கு மலையைப் புரட்டுகிற வேலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாளை ஓட்டியிருந்தாள். இப்போதும் வாய் திறக்கவில்லை.

"ரெண்டு நாள் வர வேண்டாம். யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மேடம்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். "சுத்தமா கழுவினதுக்கு வேலை போன ஒரே ஆளு உலகத்துலயே நீதான்டி!"

"சிரிங்க, சிரிங்க. நாளைக்குச் சோத்துக்கு என்ன வழின்னு அப்புறம் தெரியும்."

அவன் சிரிப்பை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான். "விடு. ஒரு வாரம்னு சொல்லித் தகரக் கொட்டகையில தள்ளினானே, அதையே பார்த்துட்டோம். இது என்ன பெருசு?"

கல்யாணமான புதிதில் கட்டட வேலைக்கு ஊர் விட்டு ஊர் வந்தபோது நடந்தது அது. ஒரு வாரத்தில் வீடு தருகிறேன் என்றான் மேஸ்திரி. மூன்று வருஷம் ஓடியது. இருந்தது ஒரே பானை. சாம்பலும் ஆற்று மணலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அதன் அடியில், வெளிப்பக்கம், வட்ட வட்டமாகக் கோடு விழுந்துவிட்டது. அந்தப் பானையை நினைத்ததும் பளிச்சக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே கோட்டை முந்தாநாள் தொட்டித் தண்ணீரில் அவள் விரல் தடவியிருக்கிறது.

வர வேண்டாம் என்று சொல்லியிருந்தும் காலையில் போய் நின்றாள்.

"திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டுங்க மேடம். மொதல்ல இதத் தொட்டுப் பாருங்க."

மேடம் விரலை வைத்தார். லென்ஸ் எடுத்தார். மெல்லிய கீறல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, வட்டமாக.

"இது உங்க பிரஷ்ஷாலயே விழுந்திருக்கலாமே?"

"நான் தேய்ச்சது துண்டு துண்டா. இந்த ரெண்டையும் ஒட்ட வெச்சுப் பாருங்க. கோடு இதுல கிளம்பி அதுல போய்ச் சேருது. பானை முழுசா இருந்தப்பவே விழுந்த கோடு, மேடம். யாரோ ஒருத்தி மணலைப் போட்டுத் தினம் தேய்ச்சிருக்கா. ஒரு ராத்திரி தங்குனவ பானையை இப்படியா தேய்ப்பா? அலம்பிக் கவுத்துட்டுப் போயிட மாட்டாளா?"

சீட்டுப் பெண் யாரும் கேட்காமலே எழுந்து போய், இன்னும் பிரிக்காத பைகளைக் கொண்டுவந்தாள். கருகல் இல்லாத துண்டுகளாகப் பொறுக்கித் தண்ணீர் மட்டும் விட்டு அலசினார்கள். அவற்றிலும் அதே வட்டம், அதே தேய்மானம். பதினாறாவது துண்டில் மேடம் போதும் என்று லென்ஸைக் கீழே வைத்தார்.

"மேடம்," என்றாள் சீட்டுப் பெண். "அந்தத் தாளை அக்காகிட்ட நான் படிச்சுச் சொல்லவே இல்ல. தப்பு என்னோடது."

மேடம் பளிச்சக்கா பக்கம் திரும்பி, "தொட்டி காலியா கெடக்கு. போய் வேலையப் பாருங்க" என்றார்.

அதன்பிறகு பளிச்சக்கா நான்கு அகழாய்வுகளில் வேலை பார்த்தாள். கருகல் என்றால் அவளே மற்றவர்கள் கையைத் தட்டிவிடுவாள். "ஏய், தொடாத! அது சாட்சி!" புதிதாக வருகிறவர்களுக்குத் தாளைப் படித்துச் சொல்கிற வேலையைச் சீட்டுப் பெண் தானாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்த முதல் குழியின் அறிக்கை முடிந்த அன்று, சீட்டுப் பெண் அதைத் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். மணல் கீறல், தேய்மானம், மாதக்கணக்கில் தங்கிய சனம், எல்லாம் இருந்தது. அதைக் கவனித்துச் சொன்னது பாத்திரம் கழுவியவர் என்றும் இருந்தது. பளிச்சக்கா ஈரக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த நாப்பத்து மூணு எங்க?"

"அதை எதுக்குக்கா? நல்லபடியா முடிஞ்சிருச்சே."

"அப்படி இல்ல கண்ணு. எனக்காக ஒரு வரி சேத்துடு. இந்தந்த நம்பர் துண்டுல உள்ள கருகி இருந்துச்சு, கழுவுறப்ப போயிடுச்சுன்னு. யார் கழுவினதுன்னும் போட்டுக்க, எனக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஒருத்தர் வந்து பளிச்சுனு இருக்கறதப் பார்த்துட்டு, இந்தப் பானைங்கள்ல யாரும் சோறே ஆக்கலன்னு சொல்லிடக் கூடாது."