புலவர் தன் அண்ணனுக்கு எழுதியது

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் என்னோடு துணி மடிப்பவளை நாங்கள் புலவர் என்றுதான் கூப்பிடுவோம். பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான். இடைவேளையில் எல்லோரும் டீக்கு ஓடும்போது இவள் மட்டும் துணி மூட்டைமேல் உட்கார்ந்து செல்போனில் தட்டிக்கொண்டிருப்பாள். எழுதியதைப் பிறந்த வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவாள்.

“என்ன புலவரே, இன்னைக்கு நிலாவா, மழையா?” என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன். போனை நீட்டினாள்.

செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்
இன்று வெறும் கையா, பெல்ட்டா என்று.
மகளைக் குளியலறையில் உட்காரவைத்துக்
குழாயைத் திறந்துவிடுகிறேன்,
அவளுக்கு எதுவும் கேட்காதபடி.

கீழே பதில்கள். அண்ணி வரிசையாகக் கைதட்டும் படம் போட்டிருந்தாள். சித்தப்பா மகன், ‘செம அக்கா.’ அண்ணன், ‘உனக்குள்ள இப்படி ஒரு திறமை இருக்குன்னு தெரியாம போச்சே.’ தன் மகள் பிறந்தநாளுக்கு நாலு வரி எழுதித் தர முடியுமா என்று அண்ணி கேட்டிருந்தாள். அடிப்பாவி.

“ஏன்டி, இதுங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு?”

“கவிதைன்னா கற்பனைன்னு நினைக்கிறாங்கக்கா. நேரா சொல்ல எனக்கு வாய் வரல. அண்ணனுக்கு ஒருநாள் உறைக்கும். வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு.”

அப்பா போன பிறகு அவளை வளர்த்து, கல்யாணம் செய்துவைத்தவர் அந்த அண்ணன். அவர் வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதைப் பற்றியும் ஒரு கவிதை போட்டாள். அதற்கும் கைதட்டினார்கள்.

ஒருநாள் காலை பெட்ஷீட்டைப் பிடிக்க இடது கையைத் தூக்க முடியவில்லை அவளால். எனக்கு வந்ததே கோபம். “பாட்டுக் கட்டினது போதும். உள்ளதை உள்ளபடி எழுது” என்று பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒற்றைக் கையால் தட்டினாள்: ‘அண்ணா, அவர் என்னை அடிக்கிறார். கை உடைந்துவிட்டது போலிருக்கிறது. நானும் பாப்பாவும் அங்கே வரட்டுமா?’

குழுவில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அண்ணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏம்மா, எல்லாரும் இருக்கற குரூப்ல இப்படியா போடுவ? கவிதையா இருந்தவரைக்கும் நாங்களும் சமாளிச்சிட்டிருந்தோம். முதல்ல அதை அழி.”

“அப்ப உங்களுக்குத் தெரியுமாண்ணா?”

“மாப்ளகிட்ட பக்குவமா பேசறேன். நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ.”

எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனேன். எலும்பு முறிந்திருந்தது. எங்கள் வீட்டில் ஒரே அறைதான், இருந்தாலும் வா என்றேன்.

“வேணாங்க்கா, அவரு தேடி வந்தா உங்களுக்கும் வம்பு” என்றாள். போனை மறுபடி பார்த்துவிட்டு, “முதல் கவிதையிலயே அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு” என்றாள். அவள் அழுதது அப்போதுதான்.

பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமாகிவிட்டதென்று, மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போனாள்.