நாஷ்டா கடை எங்க இருக்குது?

ஆரணி பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டுற பரசுராமன் வாயத் தொறந்தான்னா, வெம்பாக்கத்துல தூங்கிகினு இருக்கறவன் எழுந்து உக்காருவான். அப்படி ஒரு தொண்டை. காலேஜுக்கு வர்ற வெளியூர்க்காரங்கன்னா அவனுக்கு உசுரு. புள்ளைய சேக்க வந்தவங்க பையை வண்டியில வெக்கறதுக்குள்ள ஆரம்பிச்சிடுவான்.

"காலேஜ் எங்க சார் ஓடிடப்போவுது? மொதல்ல கோட்டை மைதானம் பாருங்க. அப்பறம் பட்டுப்பொடவை. மத்தியானம் பிரியாணி. ஒரு வாய் வெச்சீங்க, ரிட்டன் டிக்கெட்ட நீங்களே கிழிச்சிப் போட்டுருவீங்க."

புத்திரகாமேட்டீஸ்வரர் கோயிலுக்கும் இட்டுகினு போவான். "டேய், அது புள்ள வரம் கேக்குற கோயில்டா. காலேஜ் படிக்கிற புள்ளைய வெச்சிகினு இருக்கறவங்கள ஏண்டா அங்க இழுத்துகினு போற?"ன்னு ஸ்டாண்டுல கூட ஆட்டோ ஓட்டுற நாங்க கேப்போம். "தேங்க்ஸ் சொல்ல வேணாமாடா?"ம்பான்.

போன மழைக்காலத்துல ஒரு புருஷன் பொண்டாட்டி அவன் வண்டியில ஏறினாங்க. கோவில்பட்டி பக்கம். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போவணும்னாங்க. இவன் வழக்கம்போல வாய் ரேடியோவப் போட்டுட்டான். கோட்டை, பொடவை, பிரியாணி, கோயிலு. கண்ணாடியில பாத்திருக்கான், அந்தம்மா மடியில மடிச்ச மாதிரியே ஒரு காலிப் பை. "புள்ளைக்கு ரூம் குடுத்துட்டாங்களாம்மா?"ன்னு வேற கேட்டு வெச்சான்.

அந்த ஆளுதான் பதில் சொன்னாரு. "காலி பண்ண வந்திருக்கோம்ணே. தென்னரசுன்னு எங்க பையன். காய்ச்சல்ல போயிட்டான். சாமான எடுக்கணும்."

பரசுராமன் வாய் மூடினத ஆரணி அன்னைக்கித்தான் பாத்துது.

ஹாஸ்டல்ல ஒரு போர்வை, கொஞ்சம் சட்டை, ஒரு சார்ஜரு. அவ்ளோ பெரிய புள்ள, அந்தப் பையிலியே அடங்கிட்டான். திரும்பி வர்றப்போ அந்தம்மா மொத மொத வாயத் தொறந்தாங்க.

"அண்ணே, இங்க நாஷ்டா கடை எங்க இருக்கு?"

"என்ன கடைம்மா?"

"நாஷ்டா கடை. காலையில போன் போட்டா, 'நாஷ்டா கடையில நிக்கேம்மா'ன்னுதான் சொல்லுவான். அது இருக்க வரைக்கும் சாப்பாட்டுக்குக் கவலை இல்லம்பான். எம்புள்ள சாப்பிட்ட எடத்துல நானும் ஒரு வாய் சாப்பிட்டுப் போயிருதேன்."

நம்ம பக்கம் காலையில துன்ற இட்லி, தோசை, பொங்கல் எல்லாமே நாஷ்டாதான். பையன் நம்ம ஊரு பேச்ச புடிச்சிகினான். அந்தம்மா அத ஒரே ஒரு கடையோட பேருன்னு நெனச்சிகினு இருந்திருக்காங்க. ஆரணியில நாஷ்டா கடைய எண்ண ஆரம்பிச்சா, எண்றவனுக்கு தலையே நரைச்சிடும்.

"உள்ளத சொல்லிட வேண்டிதானேடா?"ன்னு அப்பறமா நான் கேட்டேன். "எப்படிடா சொல்றது? அந்தம்மா எடுத்துகினு போவ வேண்டியதுல அது ஒண்ணுதான் பாக்கி இருந்திச்சி"ன்னான்.

நேரா காலேஜ் ரோட்டுல தனகோடி அக்கா டிபன் கடையாண்ட உட்டான். இவனே மொதல்ல எறங்கி ஓடி, அக்கா காதுல விஷயத்த ஊதிட்டான். அக்காவுக்கு எளகின மனசு. அந்தம்மா போன்ல போட்டோ காட்டினதும், "ஐயோ, இந்தப் புள்ளையா! டெய்லி வருமே! பூரின்னா உசுர வுடுமே!"ன்னு கண்ணத் தொடச்சிகினு, ஊதின பூரியா பாத்து பொறுக்கி ஒரு தட்டு வெச்சாங்க.

அந்தம்மா பூரியையே பாத்துகினு இருந்தாங்க. பூரி அமுங்கிப்போற வரைக்கும் பாத்தாங்க.

"அவனுக்கு எண்ணெய்ப் பலகாரமே ஆகாதுல்லா"ன்னு யாரப் பாத்தும் இல்லாம சொல்லிட்டு எழுந்துட்டாங்க.

பஸ் ஏத்தி உடறப்போ, "சார், அந்த போட்டோவ எனக்கு அனுப்புங்க. நான் கண்டுபுடிச்சி போன் பண்றேன்"ன்னான் பரசுராமன். அவரும் அனுப்பினாரு.

அதுலேர்ந்து இவன் சவாரிய உட்டுட்டு கடை கடையா பூந்து பூந்து போட்டோ காட்டிகினு இருந்தான். "எலெக்‌ஷன்ல நிக்கறியாடா? தெள்ளார் பக்கம் பிரச்சாரம் எப்போ?"ன்னு ஓட்டினோம். சண்டைக்குக்கூட வரல. அது எங்களுக்கே பேஜாரா போச்சி.

பொங்கல் கழிச்சி ஒரு நாள் என்னையும் இழுத்துகினு காலேஜ் பின்பக்க கேட்டாண்ட போனான். அங்க தள்ளுவண்டியில இட்லி விக்கிறவன் பலராமன். போட்டோவ பாத்ததும் சிரிச்சிட்டான்.

"இவனா! பொடிய ஜவ்வாது மலையாட்டம் கொட்டிக்குவான். எண்ணெ மட்டும் ஊத்த உடமாட்டான். அம்மாகிட்ட போன் பேசிகினே துன்னுவான். எங்கண்ணா, ஆளையே காணோம்? லீவா?"

பரசுராமன் தள்ளிப் போயி கோவில்பட்டிக்கு போன் போட்டான். அப்பாதான் எடுத்தாரு.

"சார், கெடச்சிடுச்சி சார்! நாஷ்டா கடை கெடச்சிடுச்சி!"

அவரு கொரல எறக்கி சொன்னாரு. "அண்ணே, அவ இப்பத்தான் ரெண்டு வாய் சாப்பிட ஆரம்பிச்சிருக்கா. இத அவகிட்ட சொல்ல வேண்டாம். இனிமே போனும் போட வேண்டாம், கோவிச்சுக்காதீங்க."

வெச்சிட்டாரு.

பரசுராமன் வண்டியாண்ட வந்து ஒரு தட்டு இட்லி கேட்டான். சத்தியமா சொல்றேன், பலராமன் இட்லிய எறிஞ்சா செவுரு ஒடையும். அத முழுங்க முடியாம முழுங்கினான். தண்ணிகூட கேக்கல.

"அந்தப் பையன் ஊருலேர்ந்து வந்தா இங்க இட்டுகினு வாண்ணா"ன்னான் பலராமன், தட்ட வாங்கிகினே.

"சரி"ன்னுட்டு ஆட்டோவ எடுத்தான் பரசுராமன்.